உட்கார இடம் கொடுங்கள், நடப்பார்கள்

நகரத்தின் நடுவில் மக்களை நடக்க வைப்பது எது? அகலமான நடைபாதை, மர நிழல், தெருவிளக்கு என்று எல்லோரும் சொல்லும் பதில்கள் உண்டு. எல்லாம் சரியே. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் வேறொரு காரணம் கண்ணில் படும்.

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைகிற குடும்பம், உஸ்மான் சாலையை எட்டுவதற்குள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இளவட்டங்கள் கடைக்குள் போகிறார்கள். பாட்டியும் கைக்குழந்தைக்காரியும் பைகளோடு ஏதாவது ஒரு கடைப்படியில் ஒதுங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் வந்து, “வழியில உட்காராதீங்கம்மா” என்று எழுப்பிவிடுகிறார். அடுத்த படியிலும் அதே கதை. அதற்குமேல் அந்தக் குடும்பம் எங்கே நடக்கும்? ஆட்டோவைத்தான் கூப்பிடும். மூன்று கடை பார்க்க வந்தவர்கள் ஒரே கடையோடு திரும்பிவிடுகிறார்கள்.

கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பாண்டி பஜார். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. கார் வைத்திருப்பவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் நடைபாதையை அகலப்படுத்தியவர்கள் கூடவே இருக்கைகளையும் போட்டார்கள். அதுதான் பெரிய வேலை. மாலை நேரத்தில் அந்த இருக்கைகளில் இடம் கிடைப்பதே அபூர்வம். எதுவும் வாங்காமல் காற்றாட வந்த முதியவர்கள், கதை பேசும் கல்லூரிப் பிள்ளைகள், வாங்கிய துணியை வெளிச்சத்தில் மறுபடி விரித்துப் பார்க்கும் பெண்கள். கொஞ்சம் கால் ஆறியதும் எழுந்து பனகல் பூங்கா வரை இன்னொரு நடை போகிறார்கள்.

மதுரைக்கு வாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிச் சத்தம் இல்லை. வெயில் தாழ்ந்ததும் கல் தளத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கிராமத்திலிருந்து வந்தவர்கள் கோபுரத்தைப் பார்த்தபடி கட்டுச்சோறு பிரிப்பார்கள். சாப்பிட்டபின் வளையல் கடை, பாத்திரக் கடை என்று மாசி வீதி வரை நடை நீளும். ஓரிரு தெரு தள்ளி வாகனங்கள் முட்டி மோதும் இடத்தில் அதே மனிதர்கள் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறார்கள். உட்கார இடம் இருந்தால் நடை நீள்வதை மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின்போதும் பார்க்கிறோம். அறுபத்துமூவர் அன்று நான்கு மாட வீதிகளையும் நடந்தே சுற்றுகிறவர்களில் எழுபது வயதுக்காரர்கள் எத்தனை பேர்! வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், ஒதுங்க நிழல், ‘உட்காருங்க’ என்று சொல்ல ஆள்.

இதெல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரிந்த சங்கதி. தெருவைப் பார்த்துத் திண்ணை கட்டினார்கள். ஊருக்கு ஊர் சாவடியும் சத்திரமும் இருந்தன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, சுமைதாங்கி வைத்தார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் உதவியில்லாமல் பாரத்தை இறக்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போகத் தோதான உயரம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நடப்பட்ட சுமைதாங்கிகள் இன்றும் சாலையோரங்களில் நிற்கின்றன. நடக்கிறவருக்கு இளைப்பாற இடம் தருவதைப் புண்ணியமாக நினைத்த ஊர் இது.

இன்றைக்கு அதே ஊரில் கடைத் திட்டுகளின் மேல் கூர்க்கம்பி பதிக்கிறார்கள். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதாம். திட்டைச் சரிவாகக் கட்டுகிறவர்களும், பூந்தொட்டிகளை நெருக்கி வரிசையாக வைக்கிறவர்களும் உண்டு. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. முழங்கால் தேய்ந்தவர், நிறைமாதப் பெண், சர்க்கரை இறங்கித் தலை சுற்றுகிறவர் எல்லாம் எங்கே போவார்கள்? இவர்கள் யாரும் ‘எங்களால் உங்கள் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை’ என்று மனு எழுதிக் கொடுப்பதில்லை. வருவதை நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சென்னைக்கென 2014-லேயே மோட்டார் வாகனமல்லாத போக்குவரத்துக்கு ஒரு கொள்கை வந்தது. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து, அரை கிலோமீட்டருக்கும் கூடுதல் நீளத்தில் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. நல்ல வேலைகள். ஆனாலும் நடைபாதை பற்றிய நம் பேச்சு அகலத்திலும் நீளத்திலுமே நின்றுவிடுகிறது. ஒரு மூதாட்டி நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பார் என்ற கணக்கு அதில் வருவதில்லை. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பணியாளர்களுக்காக 2021-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி இருக்கை உரிமை கொடுத்தது. கடைக்குள் அந்த நியாயம் வந்துவிட்டது. கடை வாசலைத் தாண்டி நடக்கிறவருக்கு அது இன்னும் வரவில்லை.

பெஞ்சு போட்டால் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இருட்டு மூலையில் போட்டால் அப்படித்தான் ஆகும். விளக்கடியில், பூக்காரம்மாவுக்கும் இளநீர்க் கடைக்கும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

கடைத்தெருவில் 100 மீட்டருக்கு ஒரு பெஞ்சு போதும். கல்லோ இரும்போ, நிழலில் இருக்கட்டும். முதுகு சாய வசதியும், எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கட்டும். நகராட்சிகள் டெண்டர் விட்டு முடிக்கும்வரை வணிகர் சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் வாசலில், வழியை மறைக்காமல் அவர்களே தொடங்கலாம். அதற்கு முன்னால், திட்டுகளில் பதித்த அந்தக் கூர்க்கம்பிகளைத் தயவுசெய்து பிடுங்கிப் போடுங்கள்.