பட்டறை வீதி – 14: பிசிறுக்கு யார் பில் போடுவது?

சென்ற வாரம் பீக் என்ற பிளாஸ்டிக் ராடு ஒன்று லேத்தில் ஏறி, கடைசல் முடிந்து, துளை போட்டு இறங்கும் வரை பார்த்தோம். மைக்ரோமீட்டரில் அளவு சரியாக நிற்கிறது. ஆனாலும் அதை அப்படியே டப்பாவில் அடுக்கி அனுப்ப முடியாது. துளையின் மறுபக்க வாயில் மெல்லிய பிசிறு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டறை மொழியில் அதற்கு ‘பர்’ என்று பெயர். இந்த வாரக் கதை அதைப் பற்றியது.

சென்னை முகப்பேரை ஒட்டிய அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது. பாடியில் மோட்டார் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று சுற்றிலும் உலோகம்தான். முகப்பேர் மேற்கின் சிறு பட்டறைகள் வரைக்கும் இரும்பிலும் அலுமினியத்திலும் பழகிய கைகள். பிளாஸ்டிக் ஜாப் வந்தால் அதே மெஷினில் அதே ஆள்தான் ஏற்றுகிறார். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

உலோகத்தை வெட்டும்போது பிறக்கும் சூட்டில் பெரும்பகுதியைச் சீவல் தன்னோடு கொண்டுபோய்விடும். மிச்சமும் ஜாப் முழுக்கப் பரவிவிடும். பிளாஸ்டிக்கில் அப்படிப் பரவ வழியில்லை. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பீக் பல நூறு மடங்கு மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்துகிறது. சூடு டூல் முனையிலேயே தேங்குகிறது. பீக் உருகுவது 343 டிகிரி செல்சியஸில். ஆனால் 143 டிகிரியைத் தாண்டியதுமே அது விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும். டெல்ரின் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 175 டிகிரியிலேயே உருகிவிடும். டூல் கொஞ்சம் மழுங்கியிருந்தால் போதும். பழுத்த தக்காளியை மொண்ணைக் கத்தியால் நறுக்குவதுபோல, வெட்டுவதற்குப் பதில் நசுக்கித் தள்ளும். தள்ளப்பட்ட பொருள் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி, அங்கேயே ஆறி நின்றுவிடும்.

பிசிறு எப்படிப் பிறக்கிறது என்பதை வைத்து அமெரிக்கப் பொறியாளர்கள் கில்லெஸ்பியும் பிளாட்டரும் 1976-இல் அதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். டூலின் அழுத்தத்தில் பக்கவாட்டில் பிதுங்குவது ஒன்று. டூல் வெளியேறும் இடத்தில் மடங்கி நிற்பது இன்னொன்று. வெட்டுப்படாமல் கிழிந்து நிற்பது மூன்றாவது. ராடிலிருந்து ஜாப் அறுந்து விழும்போது நடுவில் முனையாக மிஞ்சுவது நான்காவது. அவர்கள் ஆராய்ந்தது உலோகத்தை. ஆனால் டெல்ரின் கடையும் பட்டறையில் ஒரு ஷிப்ட் நின்று பார்த்தால் இந்த நான்கையும் பார்த்துவிடலாம்.

உலோகப் பிசிறு விறைப்பாக நிற்கும். அரம் பட்டால் ஒடிந்துவிடும். பிளாஸ்டிக் பிசிறு பிளேடு வரும்போது வளைந்துகொடுத்து, போனதும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விளிம்பு நைந்துபோகும். டெஃப்லான் போன்ற மென்மையான பொருளில் உப்புத்தாளின் துகள்கள் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு. உலோக ஜாப்களைக் கல்லோடு சேர்த்துக் குலுக்கும் டிரம்மில் போட்டாலும் பெரிய பலன் இராது. எடை குறைந்த பிளாஸ்டிக் ஜாப் கல்லோடு சேர்ந்து மிதக்குமே தவிர, சரியாக உரசாது.

குளிர வைத்து உடைக்கும் வழி ஒன்று உண்டு. ஜாப்பை மூடிய கலத்தில் வைத்துத் திரவ நைட்ரஜனைச் செலுத்துவார்கள். அது மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவம். மெல்லிய பிசிறு முதலில் உறைந்து நொறுங்கும் பதத்துக்கு வரும். கனமான உடம்பு அந்தப் பதத்தை எட்டுவதற்குள் பாலிகார்பனேட் மணிகளை வேகமாக வீசினால் பிசிறு மட்டும் உதிர்ந்துவிடும். ரப்பர் உதிரிபாகங்களின் ஓரம் நீக்கப் பயன்படும் முறைதான் இது. ஆனால் டெஃப்லான் கடுங்குளிரிலும் நெகிழ்வை முழுதாக விடாது. அதனிடம் இது எளிதில் பலிக்காது. ஐம்பது, நூறு என்று வரும் சின்ன ஆர்டருக்கு இந்தச் செலவும் கட்டுப்படியாகாது.

ஆகவே வேலை கைக்கே வருகிறது. ஜன்னலோரம் ஒரு மேசை, பூதக்கண்ணாடி விளக்கு, சர்ஜிக்கல் பிளேடு, சுழலும் முனை வைத்த பர் கத்தி. பல பட்டறைகளில் அந்த மேசையில் பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைப் பொருளில் வெள்ளைப் பிசிறு கண்ணுக்குத் தட்டுப்படாது. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளேடு ஒரு நூல் ஆழமாக இறங்கினால் மெஷினில் செலவான நேரமும், கிலோ பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பீக்கும் சேர்ந்து ரிஜெக்ஷன் தட்டுக்குப் போகும்.

இவ்வளவு பாடு எதற்கு? வால்வுக்குள் கழன்று விழும் ஒரு துணுக்கு, நுண்துளையை அடைத்து முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட செயற்கை இதய வால்வில் திறந்து மூடும் தட்டு, மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி முறை அது அசைய வேண்டும். சொரசொரப்பான பரப்பு ரத்தம் உறைவதற்கு இடம் கொடுக்கும் என்பதால், அங்கே விளிம்பில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது.

பிசிறு வந்த பிறகு எடுப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது மலிவு. இரும்பை வெட்டிய டூலைப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுவராமல் தனியாக வைப்பது, துளை முடியும் பக்கத்தில் அதே பொருளில் ஒரு பலகையை அணைத்துக் கொடுப்பது, துளையை முதலில் போட்டுவிட்டு முகப்பைக் கடைசியில் சீவுவது, விளிம்பை 0.2 மில்லிமீட்டர் சாய்த்துச் சீவும் சேம்ஃபரைப் புரோகிராமிலேயே எழுதிவிடுவது. அனுபவமுள்ள செட்டருக்கு இதில் எதுவும் புதிதல்ல. ஆனால் இவை ஒவ்வொன்றும் மெஷின் நேரம் கேட்கும்.

பட்டறைகள் பெரும்பாலும் ரேட் பேசுவது மெஷின் மணிக்கணக்கில். டிராயிங்கின் மூலையில் ‘எல்லாப் பிசிறையும் நீக்கவும்’ என்ற ஒரு வரி இருக்கும். கொட்டேஷனில் அதற்கு ஈடான வரி இருக்காது. மேசையில் போகும் மணிகள் லாபத்திலிருந்து சத்தமில்லாமல் கழிகின்றன. அந்த மேசையில் இருப்பவரின் திறமைக்கும் தனி மதிப்புக் கிடைப்பதில்லை.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஐஎஸ்ஓ 13715 என்ற தரநிலை, விளிம்பு எவ்வளவு கூராக இருக்கலாம் என்பதைக் குறியீட்டோடு டிராயிங்கில் எழுத வழி சொல்கிறது. பிளஸ் போட்டால் அந்த அளவுக்குப் பொருள் துருத்தி நிற்கலாம். மைனஸ் போட்டால் அந்த அளவுக்கு உள்வாங்கியிருக்கலாம். எண் வந்துவிட்டால் அளக்க முடியும். அளக்க முடிந்ததற்கு விலை சொல்ல முடியும். ஆர்டர் எடுக்கும் முன்பே, ‘எந்த விளிம்பில் எவ்வளவு சார்?’ என்று கேட்டு, அதற்கென ஒரு வரியை கொட்டேஷனில் சேர்க்கும் பட்டறைக்காரர்தான் பிளாஸ்டிக் தொழிலில் நிலைப்பார்.

அடுத்த வாரம்: மெஷினுக்கடியில் குவியும் பீக் சீவலுக்கு விலை வைத்து வாங்கிப் போகிறவர்கள்.

(தொடரும்)