மெட்டாலிகாவைத் தோற்கடித்த புல்லாங்குழல்: ராக் குழுக்களுக்கு ‘ஜானர்’ முத்திரை குத்துவது யார்?

1989 பிப்ரவரி 22. லாஸ் ஏஞ்சலிஸில் கிராமி விருது விழா. ஹார்டு ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதல்முறையாக ஒரு விருது அறிவிக்கப்பட்டிருந்தது. ஏசி/டிசி, இக்கி பாப், ஜேன்ஸ் அடிக்‌ஷன், ஜெத்ரோ டல், மெட்டாலிகா என 5 பேர் போட்டியில். அன்று மேடையில் ‘ஒன்’ பாடலை அதிரடியாக வாசித்திருந்த மெட்டாலிகாவுக்குத்தான் விருது என்று பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால், ஆலிஸ் கூப்பர் உறையைப் பிரித்துப் படித்த பெயர் ஜெத்ரோ டல்.

அரங்கில் கூச்சல் எழுந்தது. காரணம் இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசிக்கும் இயன் ஆண்டர்சனின் பிரிட்டிஷ் குழு அது. நாட்டுப்புற இசை, ப்ளூஸ், ஜாஸ் எல்லாம் கலந்த அந்தக் குழுவை ‘ப்ராக்ரெஸிவ் ராக்’ என்றுதான் ரசிகர்கள் அறிந்திருந்தார்கள். எப்படியும் ஜெயிக்கப்போவதில்லை என்று நினைத்து அவர்கள் விழாவுக்கே வரவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் காமெடி. ‘புல்லாங்குழலும் ஹெவி மெட்டல் கருவிதான்’ என்ற பொருளில் ஜெத்ரோ டல்லின் இசைத்தட்டு நிறுவனம் விளம்பரம் கொடுத்தது (மேற்கத்தியப் புல்லாங்குழல் மூங்கிலில் அல்ல, உலோகத்தில் செய்யப்படுவது). மெட்டாலிகா தன் பங்குக்கு, ‘கிராமியில் தோற்றவர்கள்’ என்று தங்கள் ஆல்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது. 1992-ல் மெட்டாலிகா கிராமி வாங்கியபோது, “இந்த வருஷம் ஆல்பம் வெளியிடாததற்கு ஜெத்ரோ டல்லுக்கு நன்றி” என்று டிரம்மர் லார்ஸ் உல்ரிச் கிண்டலடித்தார்.

சரி, ஒரு குழு எந்த ஜானர் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

காதை மட்டும் நம்பலாமா?

முதல் அளவுகோல் ஒலி. ஹார்டு ராக் என்றால் ப்ளூஸ் இசையின் வாசனை தூக்கலாக இருக்கும். கிதார் ஒலியைக் கரகரப்பாக்கி, சத்தத்தைக் கூட்டியிருப்பார்கள். மெட்டல் என்றால் அந்த ப்ளூஸ் குழைவு குறைந்து, ஒலி இன்னும் கனமாகவும் இறுக்கமாகவும் மாறும். அதில் வேகத்தை ஏற்றினால் மெட்டாலிகா வாசித்த ‘த்ராஷ் மெட்டல்’.

கேட்கச் சுலபமாக இருந்தாலும் இந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல. மெட்டலின் தந்தைகளில் ஒருவராகக் கொண்டாடப்படுபவர் ‘பிளாக் சாபத்’ கிதாரிஸ்ட் டோனி அயோமி. பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பிறகு தந்திகளைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கினார். மெட்டலின் அடையாளமான அந்தக் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம்.

இதே அயோமி 1968-ல் சில வாரங்கள் எந்தக் குழுவில் கிதார் வாசித்தார் தெரியுமா? ஜெத்ரோ டல்!

ஊர் பெயரும் ஒரு ஜானர்

இரண்டாவது அளவுகோல் ஊரும் காலமும். 90-களின் தொடக்கத்தில் ‘கிரஞ்ச்’ என்றாலே நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் ஆகிய 4 பெயர்கள்தான். நான்கையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நிர்வாணாவில் பங்க் தெரியும். பேர்ல் ஜாமில் 70-களின் ராக் தெரியும். மற்ற இரண்டிலும் பிளாக் சாபத்தின் சாயல் அடிக்கும். அப்படின்னா ஏன் ஒரே பெயர்? நான்கும் சியாட்டில் இசை வட்டாரத்தில் இருந்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் புகழ்பெற்றவை. பத்திரிகைகளுக்கும் நிறுவனங்களுக்கும் விற்க ஒரு சொல் தேவைப்பட்டது, அது கிடைத்துவிட்டது.

பெயர்ப் பலகைக்குப் பின்னால் நிறம்

மூன்றாவது அளவுகோல்தான் சிக்கலானது: பாடுவது யார், வாங்குவது யார்? அமெரிக்க நிறுவனங்கள் 1920-களிலேயே கறுப்பின மக்களுக்கான இசைத்தட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனியாகப் பிரித்து விற்றன. பில்போர்டு இதழின் தரவரிசையிலும் அதே பெயர் இருந்தது. 1949-ல்தான் அது ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ ஆனது. பெயர் மாறியது; தனிப் பட்டியல் என்ற ஏற்பாடு மாறவில்லை.

சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய ராக் அண்ட் ரோல், அடுத்த சில பத்தாண்டுகளில் ‘வெள்ளையர் இசை’ என்றே பார்க்கப்பட்டது. கறுப்பினக் கலைஞர் என்றால் சோல், ஃபங்க், ராப்தான் பாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உருவானது. இதை எதிர்த்து 1985-ல் நியூயார்க்கில் ‘பிளாக் ராக் கோயலிஷன்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் கிதாரிஸ்ட் வெர்னான் ரீட். அவருடைய ‘லிவிங் கலர்’ குழுவில் நால்வருமே கறுப்பினத்தவர்.

ஜெத்ரோ டல் கூத்துக்குப் பிறகு, கிராமி அமைப்பு அந்த விருதை ஹார்டு ராக், மெட்டல் என்று இரண்டாகப் பிரித்தது. 1990-ல் மெட்டல் விருது ‘ஒன்’ பாடலுக்காக மெட்டாலிகாவுக்குப் போனது. ஹார்டு ராக் விருது யாருக்கு? ‘கல்ட் ஆஃப் பெர்சனாலிட்டி’ பாடலுக்காக லிவிங் கலருக்கு! அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள். அந்தக் குழுவுக்கு ‘ஹார்டு ராக்’ என்ற சொல் விருதின் பெயர் மட்டுமல்ல. இது எங்கள் இசையும்தான் என்பதற்கான அங்கீகாரம்.

இப்போது முடிவு செய்வது யார்?

கடை அலமாரி போய்விட்டது. ஆனால், முத்திரை போகவில்லை. ஸ்பாட்டிஃபை தரவுகளைக் கொண்டு கிளென் மெக்டொனால்டு உருவாக்கிய ‘எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ்’ தளத்தில் 6,000-க்கும் மேற்பட்ட ஜானர் பெயர்கள் இருக்கின்றன. ஒலி மட்டுமல்ல, யாரைக் கேட்பவர்கள் வேறு யாரையும் கேட்கிறார்கள் என்பதும் இந்த வகைப்படுத்தலில் கணக்கில் வருகிறது. ஒரு புதிய குழு எந்தப் பிளேலிஸ்ட்டில் இடம்பிடிக்கும், எந்த விழாவுக்கு அழைக்கப்படும், எந்த விருதுக்குப் போட்டியிடும் என்பதில் இந்த முத்திரைக்குப் பங்கு உண்டு. அதனால்தான் ரசிகர்களின் சண்டை சும்மா பொழுதுபோக்கு அல்ல.

கிராமியே இன்னும் தடுமாறுகிறது. 2012-ல் ஹார்டு ராக், மெட்டல் விருதுகளை மறுபடி ஒன்றாக்கினார்கள். 2014-ல் மெட்டலைத் திரும்பவும் தனியாகப் பிரித்தார்கள். அந்த ஆண்டு மெட்டல் விருதை வென்றது, 1970-லேயே முதல் ஆல்பத்தை வெளியிட்ட பிளாக் சாபத்.

இன்னொரு பக்கம், ‘மோட்டார்ஹெட்’ குழுவின் லெம்மி. உலகமே அவர்களை மெட்டல் என்றது. அவரோ, நாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்று கச்சேரிக்குக் கச்சேரி சொல்லிக்கொண்டே இருந்தார். 2005-ல் மோட்டார்ஹெட்டுக்கு கிராமி கிடைத்தது. மெட்டல் பிரிவில், அதுவும் மெட்டாலிகா பாடல் ஒன்றைத் திரும்ப வாசித்ததற்காக!