அடுத்த அறையிலிருந்து ஒரு குரல்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவுக்கு 2020 ஆகஸ்டில் ஐந்து ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள் வந்துசேர்ந்தன. ஐந்தும் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தவை. ஒரே வாரத்துக்குள் வந்ததால் எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்தார்கள். புதுப் பறவைகளை நோய்த்தொற்றுக்குப் பயந்து கொஞ்ச நாள் தனியே வைப்பது வழக்கம். சில நாட்களிலேயே அந்த அறை கெட்ட வார்த்தைகளால் நிறைந்துவிட்டது. ஒன்று திட்டும், இன்னொன்று சிரிக்கும், சிரிப்பைக் கேட்டு முதலாவது மறுபடி திட்டும். குழந்தைகள் வந்துபோகிற இடமாயிற்றே என்று நிர்வாகம் ஐந்தையும் பிரித்து, வெவ்வேறு கூட்டங்களில் விட்டது. 2024 தொடக்கத்தில் அதே பூங்கா மீண்டும் செய்தியில் அடிபட்டது. இப்போது திட்டுகிற கிளிகள் எட்டாகியிருந்தன. எட்டையும் பெரிய கூட்டத்தோடு சேர்த்துவிட்டால், மற்றவற்றைப் பார்த்தாவது திருந்தாதா என்று ஒரு முயற்சி.

உலகப் பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டுவிட்டுக் கடந்துபோயின. ஆனால் கிளி வளர்ப்பவர்கள் நின்று கவனிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. பழகிய வீட்டையும் ஆட்களையும் இழந்துவந்த ஐந்து பறவைகள், முன்பின் அறியாத ஓர் அறையில், ஒன்றின் குரலுக்கு ஒன்று பதில் சொல்லத் தொடங்கின. கிளிகளின் உலகத்தில் உறவு அப்படித்தான் ஆரம்பமாகிறது. தொடுவதும் தோளில் ஏறுவதும் பிற்பாடுதான்.

காட்டில் ஒரு கிளிக்கூட்டம் காலையில் இரைதேடிப் பிரிகிறது, மாலையில் கூடுகிறது. அடர்ந்த இலைகளுக்குள் பச்சைப் பறவையைக் கண்ணால் தேடுவது வீண் வேலை. அதனால் கிளிகள் ஓயாமல் ஒரு சின்னக் கூவலை எழுப்பிக்கொண்டே இருக்கும். ‘இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்பதுதான் அதன் பொருள். ஆய்வாளர்கள் இதைத் தொடர்புக் குரல் என்கிறார்கள். பல இனங்களில் ஒவ்வொரு பறவைக்கும் இது தனித்தனி. கிட்டத்தட்டப் பெயர் மாதிரி.

அந்தப் பெயரை யார் வைக்கிறார்கள்? வெனிசுவேலாவில் சிட்டுக்குருவி அளவே உள்ள ஒரு குட்டிக் கிளியினத்தை ஆராய்ந்த கார்ல் பெர்க் குழுவினர், கூடுகளுக்குள் கேமரா வைத்து, சில கூடுகளின் முட்டைகளை இடம் மாற்றினார்கள். குரல் பிறவியிலேயே வருவதாக இருந்தால், குஞ்சுகள் பெற்றவர்களின் சாயலில் கூவியிருக்க வேண்டும். வளர்த்தவர்களின் சாயலில்தான் கூவின. 2011-இல் வெளியான இந்த ஆய்வு சொன்னது: குஞ்சு இன்னும் குரலெழுப்பத் தொடங்கும் முன்பே தாயும் தந்தையும் அதற்கென ஒரு கூவலைக் கொடுத்துவிடுகின்றன; குஞ்சு அதை வாங்கி, கொஞ்சம் மாற்றித் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

இதைவிட ருசியானது, வளர்ந்த பிறகும் அந்தக் குரல் கெட்டிப்பட்டுவிடுவதில்லை என்பது. நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜரிகர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆணையும் பெண்ணையும் புதிதாகச் சேர்த்துவிட்டால், சில வாரங்களில் ஆண் தன் கூவலை விட்டுவிட்டுப் பெண்ணின் கூவலைப் பிடித்துக்கொள்கிறது. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் திருநெல்வேலியில் பெண்ணெடுத்து, மாமனார் வீட்டோடு தங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் ‘ஏனுங்க, சாப்பிட்டீங்களா’ என்பான். மூன்றாவது வாரம் ‘என்னவே, சாப்ட்டாச்சா’ என்று நாக்கு தானாகத் திரும்பும். மனைவியின் பேச்சு அப்படியே இருக்கும், மாறுகிறவன் அவன்தான். அவனுடைய அண்ணன் தம்பி நாலு பேரும் வேலை தேடி அதே வீட்டுக்கு வந்து தங்கினால் என்ன ஆகும்? நாளடைவில் அந்த வீட்டுக்கென்று ஒரு பேச்சு உருவாகி, வாசலில் நின்று கேட்பவர் ‘இது இன்னார் வீட்டுக் குரல்’ என்று சொல்லிவிடலாம். அறிமுகமில்லாத ஆண் பட்ஜரிகர்களை ஒன்றாக அடைத்தபோது நடந்ததும் அதுதான். சில வாரங்களில் அவற்றுக்குள் ஒரு பொதுக் கூவல் வந்துவிட்டது.

குரலைக் கேட்டுக் கற்கும் திறன் பறவைகளில் கிளி, பாடும் பறவைகள், தேன்சிட்டை ஒத்த அமெரிக்க ஹம்மிங் பறவை ஆகிய மூன்று பிரிவுகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. கிளி மூளையில் அதற்கான பகுதியைச் சுற்றி இன்னொரு வளையமும் அமைந்திருப்பதை 2015-இல் முக்தா சக்ரவர்த்தி, எரிக் ஜார்விஸ் முதலானோர் காட்டினார்கள். மற்ற இரண்டு பிரிவுகளிலும் அந்த வெளி வளையம் இல்லை. சொன்னதைச் சொல்லும் பறவை என்று நாம் கிளியைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம். யாரோடு வாழ்கிறதோ அவர்களின் ஒலியைத் தன் ஒலியாக்கிக்கொள்வது அதற்குப் பிழைப்பு. கூட்டத்தில் மனிதர்கள் மட்டுமே இருந்தால் மனிதப் பேச்சு. அவர்கள் திட்டுகிறவர்கள் என்றால் திட்டு.

இனி, ஏற்கெனவே இரண்டு மூன்று பறவைகள் உள்ள வீட்டுக்கு மீட்கப்பட்ட கிளி ஒன்று வருகிறது. கால்நடை மருத்துவர்கள் குறைந்தது 30 நாளாவது வேறு அறையில் வையுங்கள் என்பார்கள். கிளிக்காய்ச்சல் கிருமி மனிதர்களுக்கும் தொற்றும். அலகையும் இறகையும் அழிக்கும் வைரஸ் ஒன்று இறகுத் தூசியிலேயே பரவும். ஆகவே தனிமை கட்டாயம். ஆனால் சுவரும் கதவும் கிருமியைத் தடுக்குமே தவிரக் குரலைத் தடுக்காது. புதிய பறவை உள்ளே கூவ, கூடத்திலிருந்து பழைய பறவைகள் பதில் கொடுக்க, முகம் பார்க்காமலேயே அறிமுகம் நடந்துவிடுகிறது. பொறுமையிழந்து முதல் நாளே கூண்டுகளைப் பக்கத்தில் வைப்பவர்கள் நோயை விலைக்கு வாங்குவதோடு இந்த அறிமுகத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பலர் கத்தலென்று அலுத்துக்கொள்வது பெரும்பாலும் பதில் கிடைக்காத தொடர்புக் குரல்தான். கிளி மெல்லக் கூப்பிடும்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீடே அதிரக் கத்தியபோது ஓடி வந்தார்கள். எது பலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. அனுபவசாலிகள் செய்வது எளிது. ஒரு குறிப்பிட்ட விசிலை வீட்டுக் குரலாக வைத்துக்கொண்டு, கிளி மெதுவாகக் கூவும்போதே அடுப்படியிலிருந்தோ மாடியிலிருந்தோ அதே விசிலால் பதில் தருவார்கள். மற்ற பறவைகளும் அதைப் பிடித்துக்கொண்டால் புதியவனுக்குப் பதில் சொல்ல ஆள் கூடிவிடும்.

தனியே கிடந்து இறகைப் பிடுங்கிக்கொண்ட கிளியைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்தக் கோலம் மறக்காது. மார்பு, தொடை, தோள் எல்லாம் மொட்டையாகி, தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். தலை மட்டும் முழு இறகோடு இருக்கும். காரணம், தன் அலகு தன் தலைக்கு எட்டாது. புது இறகுகள் மெல்லிய உறைக்குள் முள்முள்ளாக முளைக்கும். உறையை நுனியிலிருந்து நொறுக்கி உதிர்த்தால்தான் இறகு விரியும். தலையில் முளைப்பவற்றை நொறுக்கிவிட இன்னொரு அலகு வேண்டும், அல்லது ஒரு மனித விரல். பின்னந்தலையைச் சாய்த்து, இறகைச் சிலிர்த்து, ஒரு கிளி தன் கழுத்தை இன்னொன்றிடம் நீட்டினால் அது நம்பிக்கைக்கு அடையாளம். மனிதர்களும் தலை, கழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதுகையும் இறக்கையின் அடியையும் தடவினால் கிளி அதை இணைசேரும் அழைப்பாக எடுத்துக்கொண்டு, பிறகு அந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் கொத்தத் தொடங்கலாம்.

எல்லாக் கிளிகளும் கூடிவாழும் என்று பொதுப்படையாகச் சொல்வதும் தப்பு. தேசிரே புரூக்ஸ், ஆகுஸ்தே ஃபான் பாயர்ன் இருவரும் 2020-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆய்வாளரிடம் உலோக வளையத்தைக் கொடுத்தால் கொட்டை கிடைக்கும் என்று கிளிகளுக்குப் பழக்கினார்கள். பிறகு ஒரு கிளியிடம் வளையங்கள் இருந்தன, மாற்றும் வழி அடைக்கப்பட்டிருந்தது; பக்கத்துக் கிளிக்கு வழி இருந்தது, வளையம் இல்லை. சாம்பல் கிளிகள் எட்டில் ஏழு, முதல் முறையிலேயே வளையத்தை அலகால் எடுத்துப் பக்கத்துக் கிளிக்குக் கொடுத்தன. நீலத்தலைப் பஞ்சவர்ணக்கிளிகளிடம் அந்த வழக்கமே தென்படவில்லை. ஆகவே எந்த இனத்தோடு எந்த இனம் என்பதை முதலில் பாருங்கள். காக்கடூவின் அலகில் லவ் பேர்டின் கால்விரல் அகப்பட்டால் ஒரு நொடியில் போய்விடும். கூண்டும் தீனிக்கிண்ணமும் தனித்தனி. பார்த்துப் பழகுவது யாருக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கையில் வளர்ந்த சில கிளிகள் கடைசிவரை வேறு பறவையை ஏற்காமலும் போகலாம். அதற்கும் ஒரு வழி கிடைத்துவிட்டதாக 2023-இல் பரபரப்பு கிளம்பியது: கிளிகள் வீடியோ காலில் நண்பர்களை அழைக்கின்றன! நார்த்ஈஸ்டர்ன், கிளாஸ்கோ, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 18 கிளிகளுக்கு மணியடித்து, திரையில் எதிர்க்கிளியின் படத்தைத் தொட்டு அழைக்கப் பழக்கியது உண்மை. ஒவ்வொரு அழைப்பிலும் வளர்ப்பவர் பக்கத்திலேயே இருந்தார், அழைப்புக்கு ஐந்து நிமிட வரம்பு இருந்தது, பறவை மிரண்டால் உடனே நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் தலைப்புகள் சொல்லவில்லை. ‘மூன்றே நாளில் கிளியை மடக்குவது எப்படி’ என்கிற காணொலிகளிலும் இதே கதைதான். பயந்து உறைந்துபோன பறவையை அடங்கிய பறவை என்று காட்டுகிறார்கள்.

பழைய கதையையும் ஒரு வரி சொல்லிவிடலாம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான டீசியஸ் இந்தியாவின் பேசும் பறவையைப் பற்றி வியந்து எழுதினார். 1977-இல் ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் சிகாகோ கடையொன்றில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007-இல் இறக்கும்வரை கிளியின் அறிவுக்குச் சான்றாக விளங்கியது. இடைப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் கிளி என்ன பேசுகிறது என்று வியந்தவர்கள் ஏராளம். யாருக்காகப் பேசுகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

தனிமை கிளியின் உடம்பையே தின்கிறது என்பதற்கும் சான்று உண்டு. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 45 சாம்பல் கிளிகளின் இரத்தத்தில் குரோமோசோம் முனைகளான டெலோமியர்களை அளந்து 2014-இல் வெளியிட்டார்கள். வயது கூடக் கூட இவை தேயும். தனியே வளர்ந்த ஒன்பது வயதுக் கிளிகளின் முனைகள், இணையோடு வாழ்ந்த, 23 ஆண்டு மூத்த கிளிகளின் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு கிளியைக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகள் எதையும் வீட்டில் வளர்க்கக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாம்பல் கிளி போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அயல்நாட்டுக் கிளிகளை வைத்திருந்தால், 2024 விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும். கூண்டில் நாட்டுக்கிளி இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். இரக்கப்பட்டு மொட்டைமாடியிலிருந்து பறக்கவிட வேண்டாம். இறக்கை வெட்டப்பட்டு, கூட்டத்தின் குரலே தெரியாமல் வளர்ந்த கிளி, வெளியே ஒரு நாள் தாக்குப்பிடிப்பதும் கடினம்.