சதுரங்கமும் கல்வி வாய்ப்பும்: கட்வே அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

வறிய சிறுவர்க்குச் சதுரங்கம் கற்பிப்பதன் மூலம் அவர்தம் கல்விக்கு வழிதிறக்கலாம் என்னும் கருத்து இன்று பல நாடுகளிலும் செல்வாக்குப் பெற்றுள்ளது. இக்கருத்தினுள் இருவேறு கூற்றுகள் கலந்து கிடக்கின்றன. சதுரங்கம் சிந்தனைத் திறனை வளர்த்து, அதன்வழி பாடசாலைக் கல்வியை மேம்படுத்துகின்றது என்பது ஒன்று. மூடப்பட்ட பாடசாலைக் கதவுகளைத் திறக்கக்கூடிய சமூக உறவுகளை அது பெற்றுத் தருகின்றது என்பது மற்றொன்று. முன்னையது உளவியல் சார்ந்தது. பின்னையது சமூகவியல் சார்ந்தது. இரண்டையும் பிரித்து நோக்காவிடின், வறுமையின் காரணத்தை வறியவரின் மூளையிலே தேடும் நிலைக்கு நாம் ஆளாகிவிடுவோம்.

முதற் கூற்றுக்குக் கிடைக்கும் ஆதாரம் வலுவானதன்று. இங்கிலாந்தின் 100 ஆரம்பப் பாடசாலைகளில், ஏறத்தாழ 4,000 மாணவரை உள்ளடக்கி நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. எழுமாற்றாகத் தெரிந்தெடுக்கப்பட்ட பாடசாலைகளிலே ஒன்பது, பத்து வயதுச் சிறுவர்க்கு 30 மணிநேரச் சதுரங்கப் பாடம் வழங்கப்பட்டது. ஓராண்டின் பின்னர் நோக்கியபோது, அவர்களது கணிதத் தேர்ச்சியில் ஏனையோரைவிட மேம்பாடெதுவும் காணப்படவில்லை. இலவச உணவுக்கு உரித்துடைய வறிய மாணவரிடையேயும் நிலைமை இதுவே.

அவ்வாறாயின் சதுரங்கத்தால் பயனில்லை என்பதா? உகண்டாவின் தலைநகர் கம்பாலாவிலுள்ள கட்வே சேரியின் அனுபவம் இவ்வினாவுக்கு வேறொரு விடையைத் தருகின்றது. அந்நாட்டில் 1997இல் ஆரம்பக் கல்விக்கான கட்டணம் நீக்கப்பட்டது. ஆயினும் சீருடை, கொப்பி, பிற அறவீடுகள் ஆகியன வறிய குடும்பங்கள்மீது தொடர்ந்தும் சுமத்தப்பட்டன. தந்தையை இழந்த பீயோனா முதேசியின் படிப்பு பணமின்மையால் இடைநின்றது. அவர் தெருவிலே சோளம் விற்றார். 2005 அளவில், றொபேட் கடெண்டே என்பார் நடத்திய சதுரங்க வகுப்புக்குத் தமையனைப் பின்தொடர்ந்து சென்றார். அங்கு அவரை ஈர்த்தது ஆட்டமன்று. வகுப்பிலே வழங்கப்பட்ட ஒரு கோப்பைக் கஞ்சியே. அவ்வகுப்பின் வழியாகக் கிடைத்த உதவியினாலேயே அவர் மீண்டும் பாடசாலை செல்ல முடிந்தது. 2012இல் இஸ்தான்புல் ஒலிம்பியாட்டில் விளையாடிச் சர்வதேசப் பட்டமொன்றைப் பெற்ற அவர், 2017இல் புலமைப்பரிசிலுடன் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிற் சேர்ந்தார்.

இங்கே தொழிற்பட்ட காரணிகள் எவை? கஞ்சி, கட்டணம், அக்கறையுள்ள ஓர் ஆசிரியர், புலமைப்பரிசில் என்பனவே. அச்சிறுமியிடம் இல்லாதிருந்தது அறிவன்று, பாடசாலையே. பாடசாலைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஆற்றலுக்குச் சதுரங்கம் ஒரு சான்றிதழாக அமைந்தது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பொருத்தமானது. உகண்டாவின் புகாண்டாப் பகுதிக்கு மரபாக உரியது ஒம்வேசோ என்னும் ஆட்டம். வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைக் குழிகளும் 64 வித்துக்களும் கொண்ட இது, நமது பல்லாங்குழியின் இனத்தைச் சேர்ந்தது. கணக்கிட்டு ஆடும் நுட்பத்தில் அது எளிதான ஆட்டமன்று. எனினும் ஒம்வேசோவில் வல்ல சிறுமிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் இடமளிப்பதில்லை. சதுரங்கத்துக்கோ உலக சம்மேளனமும், தரவரிசையும், பட்டங்களும், மத்தியதர வர்க்கத்தினரின் மதிப்பும் உள்ளன. ஆகவே கதவைத் திறப்பது ஆட்டத்தின் உள்ளியல்பு மட்டுமன்று; அதற்குச் சமூகம் வழங்கியுள்ள அங்கீகாரமுமாகும்.

இந்த அங்கீகாரத்தின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பதே அடுத்த பிரச்சினை. முதேசியின் வாழ்வு 2016இல் மீரா நாயரின் நெறியாள்கையிலே திரைப்படமாயிற்று. எட்டாம் வரிசையை எட்டும் காலாள் அரசியாகலாம் என்ற ஆட்டவிதி, இத்தகைய கதைகளிலே வாழ்க்கை விதியாகக் காட்டப்படுகின்றது. ஆனால் எட்டுக் காலாட்களுள் பெரும்பாலானவை வழியிலேயே வெட்டுண்கின்றன. தனியொருவரின் வெற்றி, அமைப்பின் நியாயத்துக்குச் சான்றாகிவிடாது.

ஆட்டத்தைப் பொதுச் சொத்தாக்கிய முயற்சிகளும் வரலாற்றில் உள. சோவியத் யூனியனில் 1924 முதல் கிறிலெங்கோவின் தலைமையில் சதுரங்கம் அரச ஆதரவு பெற்ற மக்கள் இயக்கமாயிற்று. போரினால் இடம்பெயர்ந்து திரும்பிய வறிய சிறுவனான ஸ்பாஸ்கி, 1946 முதல் லெனின்கிராட் பயனியர் மாளிகையிலே பயின்றார். சிறுவயதிலேயே அரச உதவிப்பணம் பெற்றார். 1969இல் உலக வீரரானார். அங்கும் திறமையாளரைத் தெரிந்தெடுத்தல் நிகழ்ந்தது. அவ்வியக்கத்தைக் கட்டியெழுப்பிய கிறிலெங்கோவே 1938இல் அதே அரசினாற் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதையும் மறைத்தலாகாது. எனினும், சிறுவனொருவனின் பயிற்சி தனியாரின் இரக்கத்திலே தங்கியிருக்கவில்லை என்பது முக்கியமானது. நியூயோர்க்கின் புறூக்ளினில், வறிய குடும்பப் பிள்ளைகள் பெருமளவிற் பயிலும் 318ஆம் இலக்க அரச இடைநிலைப் பாடசாலை, 2012இல் உயர்நிலைப் பாடசாலைகளுக்கான தேசியப் போட்டியிலேயே வெற்றியீட்டியது. அங்குச் சதுரங்கம் நேரசூசியிலே இடம்பெற்ற பாடம். அதற்கென ஆசிரியரும் உளர். 2008 நிதி நெருக்கடியைத் தொடர்ந்த செலவுக் குறைப்புகள் அதனையும் அச்சுறுத்தின.

வறிய சிறுவர்க்குச் சதுரங்கம் கற்பிக்கவே வேண்டும். கணிதப் புள்ளிகளை உயர்த்தும் என்பதற்காக அன்று. சிந்தித்து மகிழும் ஓய்வு செல்வர்க்கு மட்டுமே உரியதன்று என்பதற்காக. ஆனால் அப்பலகையுடன் உணவும், கட்டணமற்ற பாடசாலையும், நிரந்தர ஆசிரியரும் வந்து சேரவேண்டும். போட்டியிலே தோற்கும் சிறுமிக்கும் மறுநாள் வகுப்பறையில் ஓர் இடம் இருக்கின்றதா என்பதே இத்தகைய திட்டங்கள் யாவற்றையும் மதிப்பிடுவதற்கான அளவுகோலாகும்.