ஒட்டுவாயில் தெரியும் அச்சின் குறை

மதுரையை ஒட்டித் திருப்பரங்குன்றத்துக்கு அருகில் அமைந்துள்ள விளாச்சேரி, கொலு பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அச்சில் செய்யப்படும் மண் பொம்மை பொதுவாக முன்பாதி, பின்பாதி என இரண்டாக எடுக்கப்பட்டு, ஈரம் காயும் முன் ஒன்று சேர்க்கப்பட்டு, பாதிகள் சந்திக்கும் ஒட்டுவாயில் குழைத்த மண் பூசித் தேய்க்கப்பட்ட பிறகே உலர்வதற்குப் போகிறது. பிளாஸ்டிக் விமான மாதிரியும் ஏறத்தாழ இதே முறையில் பிறப்பதுதான். ஆனால் மண் பொம்மையில் அச்சு செய்த பிழையை ஈரம் இருக்கும்போதே கைவினைஞர் திருத்திவிட முடிகிறது. பிளாஸ்டிக்கிலோ அந்தப் பிழை இறுகிப்போய், பெட்டிக்குள் அடைபட்டு, வாங்கியவரின் மேசைவரை வந்துவிடுகிறது. பொருந்தாத பாகங்களைக் கொண்டு ஒரு விமானத்தை உருவாக்குவது என்பது அச்சுக்காரர் விட்ட வேலையை இன்னொருவர் முடித்துக்கொடுப்பதே ஆகும்.

இத்தகைய பெட்டியை இத்துறையினர் 'கிட்' என்பர். உண்மையான விமானத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, அதன் உடல், சிறகு, வால், சக்கரம் முதலியவற்றைத் தனித்தனிப் பாகங்களாக வார்த்து, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்கள் காம்பில் தொங்குவதுபோல் இணைத்துத் தருவது அதன் வடிவம். பரவலாக வழங்கும் 1/72 என்ற விகிதத்தில் ஆறடி உயர மனிதர் சரியாக ஓர் அங்குல உயரம் இருப்பார். 1936-இல் பிரிட்டனின் 'ஃப்ராக்' நிறுவனம் இந்த விகிதத்தில் பிளாஸ்டிக் கிட்டுகளை வெளியிட்டபோது, அவை பறக்காத மாதிரிகள் என்பதால் பறக்காத பறவையான பெங்குவினின் பெயரையே அவற்றுக்குச் சூட்டியது. அன்று பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் ஆண்டுகள் செல்லச் செல்ல முறுக்கிக்கொள்ளும் தன்மையுடையதாக இருந்தமையால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் உறுதியான பாலிஸ்டைரின் அதன் இடத்தைப் பிடித்தது.

பாகங்கள் பொருந்தாமல் போவதன் காரணத்தை இந்திய வாசகருக்கு நெருக்கமான ஒரு விமானத்தைக் கொண்டு விளக்கலாம். கொசுவை ஒத்த ஒரு சிறு பூச்சியின் பெயரைத் தாங்கிய 'நாட்' விமானம், பிரிட்டனின் ஃபோலண்ட் நிறுவனத்தில் டபிள்யூ. இ. டபிள்யூ. பெட்டர் என்பவரால் வடிவமைக்கப்பட்டு, 1955 ஜூலை 18 அன்று முதன்முதலாகப் பறந்தது. பின்னர் பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதை இந்திய விமானப் படைக்காகத் தயாரித்தது. 1965, 1971 போர்களில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்றதால் 'சேபர் கொல்லி' என்ற பட்டம் அதற்கு ஏற்பட்டது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரின் வானில் ஆறு சேபர்களை எதிர்த்துப் போரிட்டு உயிர் நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியதும் நாட் விமானமே. விமானப் படையினரில் பரம வீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் பணியாற்றிய 18-ஆவது ஸ்குவாட்ரன், 2020 மே 27 அன்று கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூர் விமானப் படைத் தளத்தில் தேஜஸ் விமானங்களுடன் இயங்கத் தொடங்கியது.

ஒற்றை இருக்கை கொண்ட இப்போர் விமானத்தின் நீளம் 8.74 மீட்டர், சிறகு அகலம் 6.73 மீட்டர், ஆகவே 1/72 மாதிரி சுமார் 121 மில்லிமீட்டர் நீளமும் 93 மில்லிமீட்டர் அகலமும் கொண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேலைநாடுகளில் புகழ் பெற்றதோ பிரிட்டனின் 'ரெட் ஆரோஸ்' சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பயன்படுத்திய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம், அது 9.68 மீட்டர் நீளமும் 7.32 மீட்டர் சிறகு அகலமும் உடையது. பயிற்சி விமானத்தின் கிட்டை வாங்கி இந்தியப் போர் விமானமாக்க விரும்புபவர், 1/72 அளவில் உடலில் 13 மில்லிமீட்டரும் சிறகில் 8 மில்லிமீட்டரும் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும் போர் விமானக் கிட்டைத் தேடிச் செல்வதே நடைமுறைக்கு ஏற்றது. பொருத்தச் சிக்கல் பெரும்பாலும் அத்தகைய கிட்டுகளில்தான் தொடங்குகிறது.

காரணம் அச்சின் பொருளாதாரத்தில் இருக்கிறது. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய பாலிஸ்டைரினை உயர் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்திக் குளிரவைப்பதே வார்ப்பு முறை. பெருநிறுவனங்கள் கடினமான எஃகில் அச்சு வெட்டுகின்றன. அதற்கு ஆகும் பெருஞ்செலவு, கிட்டுகள் பெருந்தொகையாக விற்றால்தான் ஈடாகும். சில ஆயிரம் பேர் மட்டுமே வாங்கக்கூடிய விமானத்துக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது என்பதால், சிறு நிறுவனங்கள் மென்மையான பொருள்களில் அச்சு செய்து, குறைந்த அழுத்தத்தில் வார்க்கின்றன. அதன் விளைவாகப் பாகங்களை நேர்நிறுத்தும் முளைகள் இருப்பதில்லை, காம்புகள் தடித்திருக்கும், அச்சின் இரு பலகைகளுக்கு இடையே கசிந்த பிளாஸ்டிக், தொழிலாளர் 'பிசிறு' என்று அழைக்கும் மெல்லிய ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எஃகு அச்சும் பல்லாண்டு உழைத்துத் தேய்ந்தால் இதே பிசிறைத் தரும். இதற்கு மேல், பாலிஸ்டைரின் குளிரும்போது ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்குகிறது. 121 மில்லிமீட்டர் உடலில் அது 0.6 மில்லிமீட்டர். இரு பாதிகளும் ஒரே அளவில் சுருங்கினால் தொல்லை இல்லை. தடித்த பாதி ஒருவிதமாகவும் மெலிந்த பாதி வேறுவிதமாகவும் சுருங்கும்போதுதான் ஒட்டுவாயில் படி விழுகிறது. 1/72 மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, உண்மையான விமானத்தில் கையை நுழைக்கக்கூடிய 7 சென்டிமீட்டர் பிளவுக்குச் சமம் என்பதை நினைத்தால், அதைக் கண்டும் காணாமல் விட முடியாததன் காரணம் விளங்கும்.

இத்தகைய கிட்டில் கையேட்டின் முதல் படத்திலிருந்து வேலையைத் தொடங்குவது தவறு. அச்சிலிருந்து பாகம் எளிதில் கழன்று வருவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் பசையையும் வண்ணத்தையும் பற்றவிடாது என்பதால், முதலில் சட்டத்தைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பின்னர்ப் பாகங்களைக் காம்பிலிருந்து சற்று விலகி வெட்டி, எஞ்சிய மேட்டை அரத்தாலும் உப்புத்தாளாலும் இழைத்து, பசை தொடாமல் டேப்பால் மட்டும் சேர்த்து முழு விமானத்தையும் ஒரு முறை கட்டிப் பார்க்க வேண்டும். உலர்பொருத்தம் எனத்தகும் இந்த ஒத்திகையே வேலையின் பாதி. இடைவெளி எங்கே தெரிகிறதோ அங்கேதான் பிழையும் இருக்கிறது என்று கொள்வது இதில் நேரும் பெரும் ஏமாற்றம். முதுகுப்புறம் விரிந்து நிற்பதற்கு உள்ளே விமானி அமரும் அறைத்தட்டு கூடுதல் அகலமாக இருப்பது காரணமாகலாம். அந்நிலையில் முதுகில் பட்டி என்னும் நிரப்புக்கூழை வைத்து அடைப்பதைவிடத் தட்டின் இரு ஓரங்களையும் உடலின் உட்சுவரையும் சுரண்டி மெலியவைப்பதே உரிய மருந்து.

சிறகு உடலைச் சேரும் இடம் அடுத்த சோதனை. நாட் விமானத்தின் சிறகு உடலின் மேற்பகுதியில் அமர்ந்து, நுனி சற்றுத் தாழ்ந்திருப்பது; இந்தச் சாய்வு இருபுறமும் ஒத்திராவிட்டால் மாதிரி ஒருபுறம் சரிந்ததுபோல் தோன்றும். ஆகவே சாய்வை முதலில் நிலைநிறுத்தி, அதன்பின் எஞ்சும் இடைவெளியை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுத் துண்டுகளை ஆப்புபோல் செருகி நிரப்புவது முறை. உடல் குறுகிச் சிறகின் வேர் வெளியே துருத்தி நின்றால், சட்டத்திலிருந்து வெட்டிய ஒரு குச்சியை உடலுக்குள் குறுக்கே முட்டுக்கொடுத்துச் சுவர்களை விரித்துவிடலாம். மூக்குச் சக்கரம் கொண்ட விமானம் என்பதால், பாதிகளை மூடும் முன் மூக்கினுள் தூண்டில் ஈயக்குண்டை ஒட்டிவைக்க மறந்தால், முடிந்த மாதிரி வால் தரையில் பட உட்கார்ந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகே பசையின் முறை வருகிறது. பாலிஸ்டைரினுக்கு உரிய திரவப் பசை சாதாரணப் பசைபோல் ஒட்டுவதில்லை. அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக உருகவைத்துவிட்டு ஆவியாகிவிடுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையின் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில், மின்விசிறிக்கு நேர் கீழே வேலை செய்தால் பசை ஒட்டுவாய்க்குள் ஊடுருவும் முன்பே உலர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து, காற்று நேராக மேசையில் படாதபடி அமர்ந்து, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒட்டி, அது பிடித்த பின் அடுத்த பகுதிக்குச் செல்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தின் ஈரக்காற்றிலோ லாக்கர் வகை வண்ணம் வெளுத்துப்போகும் என்பதால், தூறல் நாள்களை வண்ணப் பூச்சுக்கு ஒதுக்காமல் தேய்ப்பு வேலைக்கு ஒதுக்கலாம்.

மோட்டார் பட்டறைகளில் 'பட்டி பார்த்தல்' என்று சொல்லப்படும் வேலை இதன்பின் வருவது. கரைப்பான் கலந்த பட்டி உலரும்போது சுருங்குவதால், ஒரே முறையில் தடிமனாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றும் ஒரு நாள் காய அவகாசம் தர வேண்டும். பட்டிக்குப் பதிலாக இடைவெளியை நிரப்பப் பயன்படும் உடனடி ஒட்டுப்பசை சுருங்காது என்றாலும், நாள் கடந்தால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, தேய்க்கும்போது சுற்றியுள்ள பரப்பைப் பள்ளமாக்கிவிடும் ஆதலால், அதை ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுவது பாதுகாப்பானது. உப்புத்தாளை நீரில் நனைத்து 400, 600, 1000 என நுண்மை கூடும் எண் வரிசையில் தேய்த்தால் தூசி மூச்சில் கலக்காது. பின் சாம்பல் நிற அடிப்பூச்சு ஒரு தணிக்கையாளர்போல் எல்லாக் கீறலையும் படியையும் வெளிப்படுத்தும். மீண்டும் பட்டி, மீண்டும் தேய்ப்பு என்று இரண்டு மூன்று சுற்று நடப்பது இயல்பு. விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகளில் தேய்ப்பில் அழிந்தவற்றை ஊசியால் மறுபடி கீறிவிட வேண்டும். விமானியின் கண்ணாடி மூடிக்கு மட்டும் உடனடிப் பசை ஆகாது. அதன் ஆவி கண்ணாடியைப் பனிபடர்ந்ததுபோல் வெண்மையாக்கிவிடும் என்பதால், காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையே ஏற்றது.

நன்றாகப் பொருந்தும் கிட் கையேட்டின் வழியே ஒருவரைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறது. பொருந்தாத கிட்டோ அச்சு எவ்வாறு பிறந்தது, பிளாஸ்டிக் எவ்வாறு குளிர்ந்தது என்பதையெல்லாம் படிக்கவைக்கிறது. முதன்முதலாக இக்கலையில் இறங்குபவர்கள் எளிய கிட் ஒன்றை முடித்துவிட்டே இத்தகைய பெட்டியைத் திறப்பது நலம். திறந்த பின் பசைப்புட்டியை முதல் நாள் மேசையில் வைக்காதிருப்பது அதைவிட நலம். விளாச்சேரிப் பொம்மைக்குக் குழைமண் செய்வதை இங்கே டேப்பும் அரமும் பொறுமையும் செய்தாக வேண்டும். அவை செய்யத் தவறியதைப் பட்டி மறைக்கலாமே தவிர, திருத்தாது.