ஒரே செடி: நார் எடுத்தால் தொழில், பூ பறித்தால் ஜெயில்!

காஞ்சீபுரம்—

கஞ்சா என்றாலே போலீஸ் கேஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தச் செடியின் தண்டில் நார் இருக்கிறது. கயிறும் துணியும் ஆகும். முசரவாக்கம் வட்டாரத்துத் தறிக்காரர்களுக்கு நாரின் அருமையைச் சொல்லவா வேணும்?

"சாமியார் சிலும்பி பிடிக்கிறார், மூலிகைதானே, என்ன தப்புங்க?" என்று கேட்பவர்கள் உண்டு.

வெள்ளைக்கார சர்க்கார் 1893-ல் போட்ட கமிஷனும் அடியோடு தடை வேண்டாம் என்றுதான் சொன்னது.

சட்டம் வந்தது

1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்ததும் கதை மாறியது. பூ நுனிதான் கஞ்சா. 1 கிலோ வரை வைத்திருந்தால் ஓராண்டு வரை ஜெயில். 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு!

நாருக்கு வழி

நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்கிறது அதே சட்டத்தின் 14-வது பிரிவு. உத்தரகாண்ட் 2018-ல் போதைச் சத்து குறைந்த ரகத்துக்கு அனுமதி தந்தது. நார்த்துணி கேட்போர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

அனுமதி இல்லாமல் கொல்லையில் வளர்த்தால் 10 ஆண்டு வரை உள்ளே போகணும். சாமி பேரைச் சொன்னாலும் கோர்ட் விடாது!