மேசை இழுப்பறையில் ஒரு மாற்றுக் கைப்பேசி

கைப்பேசி இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். நான் இரண்டு நாள் இருந்து பார்த்தேன். சென்ற ஆண்டு விடுதிக் குளியலறையில் என் கைப்பேசி வாளித் தண்ணீரில் விழுந்தது. பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளில்தான் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். தோழியின் கைப்பேசியிலிருந்து வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால், அம்மாவின் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது! மூன்றாம் நாள்தான் விவரம் தெரிந்து பேருந்து ஏறினேன். அப்பா இப்போது நலம்.

திரும்பி வந்ததும் இரவுச் சந்தையில் 60 வெள்ளிக்கு ஒரு பழைய கைப்பேசி வாங்கினேன். பளபளவென்று இருந்தது. ஆனால் அது 3ஜி கைப்பேசி. நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அது 2ஜிக்கு இறங்கி நின்றது. அழைப்பு வந்தது, வாட்ஸ்அப் நகரவே இல்லை. அறுபது வெள்ளி போனது போனதுதான்.

இரண்டாவது முறை லோ யாட் பிளாசாவுக்குச் சென்றபோது என் சிம் அட்டையைக் கையோடு கொண்டு போனேன். நண்பர்களே, விலை பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சிம் அட்டையைப் போட்டு யாரையாவது அழையுங்கள். பேசும்போதும் திரையின் மேலே 4ஜி என்ற குறி மாறாமல் இருந்தால் நல்லது. குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே போகிறது என்று பொருள். இதைத்தான் வோல்ட்டி என்கிறார்கள். குறி 2ஜிக்கு இறங்கினால், 4ஜி கைப்பேசியாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கைப்பேசிகளில் இந்தச் சிக்கல் அதிகம். சில, அந்நாட்டு நிறுவனத்தின் சிம் அட்டையைத் தவிர வேறெதையும் ஏற்காது. நம் நாட்டில் 4ஜிக்குப் பயன்படும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை சில மாதிரிகளில் இருக்காது. தூரம் எட்டுவது அந்த அலைவரிசைதான். தோட்டப்புறத்தில் வீடு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பூட்டு. முன்னாள் உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை விற்பவரே உங்கள் கண்முன் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு பழைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண், பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் மின்கலம் கெட்டுவிட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கேமராவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. 180 வெள்ளியில் முடிந்தது.

முன்கட்டண எண்ணை வேறு நிறுவனத்தில் எடுத்தேன். ஒரே நிறுவனமாக இருந்தால் ஒன்றுக்கு அலை கிடைக்காத இடத்தில் மற்றதற்கும் கிடைக்காதே! 2006-ஆம் ஆண்டு முதல் முன்கட்டண எண்களைப் பதிவு செய்வது கட்டாயம். "பதிவு செய்ததே இருக்கு, தங்கச்சி" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது இன்னொருவர் பெயரில் இருக்கும் எண். மைகார்ட்டைக் காட்டி உங்கள் பெயரிலேயே எடுங்கள். டாப் அப் செய்யாமல் விட்டால் எண் காலாவதியாகிவிடும். கைப்பேசியை முழுதும் மின்னேற்றியோ முழுதும் தீரவிட்டோ மாதக் கணக்கில் போட்டு வைக்கக்கூடாது. பாதி அளவு இருந்தால் மின்கலம் நீடிக்கும்.

இப்போது அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உறைக்குள் ஒரு தாளில் அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டு அத்தை ஆகியோரின் எண்களை எழுதி வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் நாள் எடுத்து மின்னேற்றி, தொகையைச் சரிபார்த்து, அம்மாவை அழைப்பேன். அந்த எண்ணைப் பார்த்ததும் அம்மா, "இன்னிக்கு ஒன்னாம் தேதியா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.